பிளஸ் 1-ல் எந்த குரூப்? வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே என் போன் சூடாகிவிடும். காட்பாடி பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். ஸ்கூல் கேட், ரேஷன் கடை, பாகாயம் பஸ் என்று எங்கே மாட்டினாலும் ஒரே கேள்விதான்: "டீச்சர், எந்த குரூப் போடலாம்?" வருடா வருடம் சொன்னதையே சொல்லித் தொண்டை கட்டியதால் இந்தத் தடவை எழுதியே வைத்துவிட்டேன். அறிவியல் பிரிவைப் பற்றி மட்டும்தான் இங்கே. காமர்ஸ் மட்டம் என்று நான் நினைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அது எனக்குத் தெரியாத கடை, அவ்வளவுதான்.

சயின்ஸ் குரூப் என்றால் மொத்தம் எத்தனை பாடம்? அதில் நாம் தேர்ந்தெடுப்பது எது?

ஆறு பாடம். தமிழ், ஆங்கிலம், அப்புறம் நான்கு முதன்மைப் பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 100, மொத்தம் 600. முன்பு 1200 இருந்தது, 2017-18 முதல் பாதியாகிவிட்டது.

அந்த நான்கில் இயற்பியலும் வேதியியலும் எல்லா முக்கிய அறிவியல் குரூப்பிலும் இருக்கும். ஆகவே வீட்டில் மூன்று நாள் சண்டை போட்டாலும் கடைசியில் நீங்கள் முடிவு செய்வது இரண்டே விஷயம்: கணக்கு வேண்டுமா வேண்டாமா, நான்காவதாக என்ன பாடம். கணிதமும் உயிரியலும் சேர்ந்தால் "முதல் குரூப்" அல்லது "பயோ மேத்ஸ்". கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்தால் "கம்ப்யூட்டர் குரூப்". கணக்கை விட்டுத் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு தனிப் பாடமாக எடுத்தால் "ப்யூர் சயின்ஸ்". எல்லாப் பள்ளியிலும் எல்லாம் கிடைக்காது. ஆசிரியர் பணியிடம் எதற்கு இருக்கிறதோ அந்த குரூப்தான் அங்கே இருக்கும். முதலில் அதைக் கேட்டுக்கொண்டு அப்புறம் சண்டை போடுங்கள்.

முதல் குரூப் எடுத்தால் டாக்டருக்கும் போகலாம், இன்ஜினியருக்கும் போகலாம். அதையே போட்டுவிட்டால் என்ன?

போகலாம் என்பது உண்மைதான். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு 15 வயது, என்ன ஆகப் போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. தெரியாதவர்களுக்கு நல்ல குரூப் இது.

ஆனால் சுமை அதிகம். கணக்குக்கு தினமும் ஒன்றரை மணி நேரமாவது கையால் போட்டுப் பார்க்க வேண்டும். உயிரியல் புத்தகம் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு தடிப் புத்தகம். தேர்வில் இரண்டும் ஒரே தாளில் 35-க்கு 35. இரண்டையும் ஒழுங்காகச் செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று எடுத்துவிட்டு, உயிரியலை முதல் மிட் டெர்மிலேயே கைவிட்டு, கடைசியில் படம் வரைவதற்கு மட்டும் திறக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இன்ஜினியரிங் என்று முடிவு பண்ணிவிட்ட பிள்ளைக்கு உயிரியல் வெறும் சுமை. மருத்துவம் என்று முடிவு பண்ணிவிட்ட பிள்ளைக்குக் கணக்கு முழுச் சுமை இல்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கணக்கு வரவே வராது டீச்சர். விட்டுவிடலாமா?

நான் அதிகம் வாதாடுவது இந்தக் கேள்விக்குத்தான். "வராது" என்று சொல்வது பிள்ளையா, பெற்றோரா, எட்டாம் வகுப்பில் திட்டிய ஏதோ ஒரு வாத்தியாரா என்று முதலில் பாருங்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் 60, 65 வாங்கிய பிள்ளைக்குக் கணக்கு வராது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் ஆறு மாதம் கஷ்டமாக இருக்கும். வெக்டர், வகை நுண்கணிதம் என்று பெயரைக் கேட்டாலே பயம் வரும். அதையெல்லாம் எல்லாரும் பிளஸ் 1-ல்தான் முதன்முதலில் பார்க்கிறார்கள், உங்கள் பிள்ளை மட்டும் பின்தங்கியிருக்கவில்லை.

கணக்கை விட்டால் மூடும் கதவுகளைச் சொல்லிவிடுகிறேன். தமிழக அரசின் பொறியியல் கலந்தாய்வு வழியாகப் பி.இ., பி.டெக். கிடையாது. பி.ஆர்க். கிடையாது. பி.எஸ்சி. கணிதம், இயற்பியல் பெரும்பாலும் கிடைக்காது. பி.எஸ்சி. கணினி அறிவியல் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், விசாரிக்க வேண்டும். எல்லாரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு: பயோடெக்னாலஜி. பெயரில் பயோ இருப்பதால் ப்யூர் சயின்ஸ் எடுத்துவிட்டு, "பி.டெக். பயோடெக் போகலாம்னு இருந்தேன்" என்று இரண்டு வருடம் கழித்து வந்து நிற்பார்கள். அந்தக் கலந்தாய்வில் அதுவும் கணக்கு மதிப்பெண்ணை வைத்துத்தான். பயோ இருந்தும் கணக்கு இல்லாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், கணக்கு இருந்து பயோ இல்லாமல் உள்ளே போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ராணுவத்துக்கும் இது பொருந்தும். கம்மவான்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருக்கும். அந்த ஊர்ப் பிள்ளைகள் தேசியப் பாதுகாப்பு அகாடமி பற்றிக் கேட்பார்கள். நுழைவுத் தேர்வில் கணிதத்துக்கே 300 மதிப்பெண்ணில் தனித் தாள் உண்டு. விமானப் படைக்கும் கடற்படைக்கும் பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். இப்போது பெண் பிள்ளைகளையும் எடுக்கிறார்கள்.

சரி, உண்மையிலேயே கணக்கைப் பார்த்தால் பிள்ளை அழுகிறது, தூங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கணக்கில்லாத பிழைப்பு எவ்வளவோ இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் விட்டான் என்று மட்டும் விடாதீர்கள்.

கட் ஆஃப் 200 என்கிறார்களே, 600-ல் எப்படி 200 வரும்?

இன்ஜினியரிங்கில் கணக்கு மதிப்பெண்ணை முழுசாக எடுப்பார்கள். இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. 100, 50, 50 சேர்ந்து 200. மொழிப் பாடங்களும் நான்காவது பாடமும் இதில் வராது.

ஒருத்தி கணக்கு 92, இயற்பியல் 86, வேதியியல் 90. அவளுக்கு 92 + 43 + 45, ஆக 180. இன்னொருத்தி கணக்கு 80, மற்ற இரண்டிலும் 98. அவளுக்கு 80 + 49 + 49, ஆக 178. மூன்று பாடத்தையும் சும்மா கூட்டினால் இரண்டாமவள்தான் 8 மதிப்பெண் அதிகம். ஆனால் கலந்தாய்வில் முதலாமவளைத்தான் முன்னால் கூப்பிடுவார்கள். கணக்கில் ஒரு மதிப்பெண் விட்டால் வேதியியலில் இரண்டு எடுத்துத்தான் ஈடுகட்ட முடியும். இதை ஒரு வேதியியல் டீச்சர் சொல்வது எனக்கே கொஞ்சம் வருத்தம்தான்.

விஐடி மாதிரி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்கு அவர்களே தேர்வு வைக்கிறார்கள். பாகாயத்தில் இருக்கும் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கு இதே கலந்தாய்வுதான். அரசுக் கட்டணத்தில் வீட்டிலிருந்தே போய் வரலாம் என்பதை நம்மூர்க்காரர்களே சில பேர் மறந்துவிடுகிறார்கள்.

பொண்ணு டாக்டர் ஆகணும்னு ஆசைப்படுது. ப்யூர் சயின்ஸா, பயோ மேத்ஸா?

வேலூரில் இந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சிஎம்சி, அதாவது கிறித்தவ மருத்துவக் கல்லூரி. பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக 1918-ல் ஆரம்பித்து, ஆண்களைச் சேர்த்தது 1947-ல்தான். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி 2005-ல் வந்தது. இரண்டுக்கும் எம்.பி.பி.எஸ். சேர்க்கை நீட் வழியாகத்தான்.

நீட்டில் 180 கேள்வி, 720 மதிப்பெண். உயிரியல் 90 கேள்வி, இயற்பியல் 45, வேதியியல் 45. அதாவது பாதித் தேர்வு உயிரியல். இதைப் பார்த்துவிட்டு, "அப்போ தாவரவியல் விலங்கியல் தனித்தனியாகப் படித்தால் நல்லது" என்று ப்யூர் சயின்ஸ் போடுகிறார்கள். தப்பில்லை. பயோ பாடம் கூடுதலாகவும் நிதானமாகவும் போகும்.

ஆனால் நீட்டில் நம் பிள்ளைகள் சறுக்குவது உயிரியலில் இல்லை, இயற்பியலில். உயிரியலை உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். இயற்பியலில் சாய்தளம், மின்சுற்று, லென்ஸ் எல்லாமே கணக்காக வந்து நிற்கும். கேள்விக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும். வகைக்கெழு தெரியாத பிள்ளை திசைவேகத்திலிருந்து முடுக்கத்துக்குப் போக ஃபார்முலாவை மனப்பாடம் செய்யும். கணக்கு படித்த பிள்ளை இரண்டு வரியில் போட்டுவிடும். அதனால்தான் கணக்கு முழுச் சுமை இல்லை என்றேன். ஓரளவு கணக்கு வரும் பிள்ளை டாக்டர் கனவோடு வந்தால் என் ஓட்டு பயோ மேத்ஸுக்கு. நீட் கைகூடாமல் போனாலும் ஒரு வருடம் வீணாகாமல் வேறு பக்கம் திரும்பலாம்.

நீட் தமிழிலும் எழுதலாம். வருட முடிவுக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் குரூப் எடுத்துவிட்டான். இப்போ டாக்டர் ஆசை வந்துவிட்டது. முடிந்ததா கதை?

முடியவில்லை. பிளஸ் 2-வில் உயிரியல் இல்லாதவர்கள் அதைக் கூடுதல் பாடமாகத் தனியாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. கதவு திறந்திருக்கிறது, ஆனால் வாசல் ரொம்ப உயரம். இரண்டு வருட உயிரியலைத் தனியாகப் படிக்கத் தெம்பு இருக்கிறவன் முயற்சி செய்யலாம்.

நீட் இல்லாமல் ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட படிப்பு ஏதாவது?

நிறைய. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., ரேடியாலஜி, கண் பரிசோதனைப் படிப்பு என்று பட்டியல் நீளும். தமிழக அரசுச் சேர்க்கை பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்துத்தான் இதுவரை நடக்கிறது. பி.பார்முக்கு இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம், இரண்டில் ஒன்று போதும். மற்றதுக்குப் பெரும்பாலும் உயிரியல் வேண்டும். சிஎம்சி இந்தப் படிப்புகளுக்குத் தனியாகச் சேர்க்கை நடத்துகிறது, அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நர்சிங் என்றதும் முகம் சுளிக்கிற தகப்பன்மாரை இந்த ஊரில் பார்க்கும்போதுதான் எனக்கு ஆச்சரியம். இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு முதன்முதலில் தொடங்கிய இடங்களில் வேலூர் ஒன்று, 1946-ல்.

கால்நடை மருத்துவத்துக்கும் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் 2 மதிப்பெண்ணில்தான். வேளாண்மைக்கும் அப்படியே. விரிஞ்சிபுரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, திருவண்ணாமலை மாவட்டம் வாழவச்சனூரில் வேளாண் கல்லூரியே இருக்கிறது. வீட்டில் இரண்டு ஏக்கர் நிலமும் நாலு மாடும் வைத்துக்கொண்டு இதைப் பற்றி யோசிக்காமலேயே போகிறவர்கள்தான் அதிகம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தால்தான் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கிடைக்குமா?

இல்லை. மேலே கட் ஆஃப் கணக்கைப் பார்த்தீர்களே, அதில் கணினி அறிவியல் எங்கேயும் வரவில்லை. பயோ மேத்ஸ் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் போகிறவர்கள் எத்தனையோ பேர். கம்ப்யூட்டர் குரூப்பில் பிளஸ் 1-க்கு சி++, பிளஸ் 2-க்கு பைத்தான் வருகிறது. பிடித்தவர்களுக்கு நல்ல பாடம், மொத்த மதிப்பெண்ணைத் தூக்கிக் கொடுக்கும். கல்லூரிக்குப் போனால் எல்லாருக்கும் முதலிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

பிளஸ் 1-ஐ வேகமாக ஓட்டிவிட்டு பிளஸ் 2 பாடத்தை முன்னாடியே எடுக்கிறோம் என்று ஒரு பள்ளியில் சொல்கிறார்கள். நல்லதா?

வேண்டாம். என் அக்கா மகனை அப்படி ஒரு பள்ளியில் சேர்த்து நாங்களே பட்டிருக்கிறோம். பள்ளிப் பெயர் வேண்டாம். ஆகஸ்டிலேயே பிளஸ் 2 புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். பொதுத்தேர்வில் நல்ல மதிப்பெண்தான் வந்தது. ஆனால் நுழைவுத் தேர்வில் பாதிக் கேள்வி பிளஸ் 1 பாடத்திலிருந்து. வெப்ப இயக்கவியல் என்றால் என்ன என்று என்னிடம் வந்து கேட்டான், பிளஸ் 2 முடித்த பிறகு.

இந்தப் பழக்கத்தை ஒழிக்கத்தான் 2017-18-ல் பிளஸ் 1-க்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தார்கள். 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பயம் குறைந்தது, சந்தோஷம். ஆனால் பழைய வியாபாரம் திரும்பவும் தலைதூக்கும் என்று எனக்குக் கவலை இருக்கிறது. சேர்க்கும்போதே "பிளஸ் 1 பாடம் எந்த மாதம் முடியும்?" என்று கேளுங்கள். அக்டோபர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிராக்டிகல் எல்லாம் சும்மா மார்க் போட்டுவிடுவார்களாமே?

செய்முறைப் பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. கணக்கு மாதிரி செய்முறை இல்லாததுக்கு 90-ம் 10-ம். அந்த 20-ஐ யாரோ போட்டுவிடுவார்கள் என்று பிள்ளையை ஆய்வகத்துக்கு அனுப்பாத பள்ளிகள் உண்டு, மறைப்பானேன்.

இழப்பு மதிப்பெண்ணில் இல்லை. பர்மாங்கனேட் தரம்பார்த்தலை (டைட்ரேஷன்) எடுத்துக்கொள்ளுங்கள். பியூரெட் என்கிற அளவுக் குழாயில் அடர் ஊதாக் கரைசல். கரைசல் மேற்பரப்பின் வளைவான கீழ்ப்பிறை கண்ணுக்குத் தெரியாது, அதனால் மேல் விளிம்பைப் பார்த்து அளவெடுக்க வேண்டும். குடுவையில் 20 மில்லி ஆக்ஸாலிக் அமிலம், கூடவே நீர்த்த கந்தக அமிலம். கை பொறுக்காத சூடு வரும்வரை சூடாக்கணும். முதல் சில சொட்டு விழுந்ததும் நிறம் அப்படியே நிற்கும். புதுப் பிள்ளைகள் "முடிஞ்சிருச்சு டீச்சர்" என்று கத்துவார்கள். பொறுங்கள் என்பேன். குடுவையை ஆட்ட ஆட்ட நிறம் மெல்ல மறையும். அடுத்த சொட்டு இன்னும் சீக்கிரம் மறையும், அதற்கடுத்தது விழுந்ததும் காணாமல் போகும். முதல் சொட்டுகளில் உருவான மாங்கனீஸ் அயனியே அடுத்த வினையைத் தூண்டிவிடுகிறது. சூடாக்க மறந்தவள் குடுவையில் பழுப்பாகக் கலங்கி நிற்கும், அவள் திரும்பவும் முதலிலிருந்து. கடைசியில் ஒரே ஒரு சொட்டில் வெளிர் ரோஜா நிறம் வந்து நிற்கும்போது அந்த வரிசை முழுக்க அமைதியாகிவிடும். தன்வினையூக்கம் என்ற சொல்லை அப்புறம் மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

பள்ளியைப் பார்க்கப் போனால் ஏசி வகுப்பறையைக் காட்டுவார்கள். ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பியூரெட் தாங்கியில் தூசி படிந்திருந்தால் புரிந்துகொள்ளலாம்.

நாங்கள் தோல் ஷாப்பில் வேலை செய்கிற குடும்பம். பிள்ளை அந்தப் பக்கமே போகக்கூடாது என்றுதான் சயின்ஸ் சேர்க்கிறோம்.

இது கேள்வி இல்லை, ஆனால் ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். புரிகிறது. அந்த வாடையிலும் ஈரத்திலும் முப்பது வருடம் நின்றவருக்குத்தான் அது தெரியும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த டிரம்முக்குள் நடப்பது முழுக்க முழுக்க என் பாடம். சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் முடியைக் கழற்றும். உப்பும் அமிலமும் தோலைப் பதப்படுத்தத் தயார் செய்யும். பிறகு குரோமியம் சல்ஃபேட் உள்ளே போய், தோலிலுள்ள கொலாஜன் என்கிற புரத இழைகளைக் குறுக்கே கட்டிப் போடும். நீலம் பாய்ந்து வெளியே வருவதைத்தான் "வெட் ப்ளூ" என்கிறீர்கள். ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பீர்களே, சுருங்காவிட்டால் பதம் சரி. பச்சைத் தோல் என்றால் அதற்கு வெகு முன்பே சுருண்டுவிடும். இதை என் வகுப்பில் ஒரு மாணவன் அவன் அப்பா சொன்னதாகச் சொன்னான். புத்தகத்தில் அணைவுச் சேர்மங்கள் பாடம் எடுக்கும்போதெல்லாம் இப்போது அதைத்தான் உதாரணமாகச் சொல்கிறேன்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் பி.டெக். லெதர் டெக்னாலஜி இருக்கிறது. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே அடையாறில், 1948-லிருந்து. கணக்கோடு கூடிய குரூப் வேண்டும். பாலாறு கெட்டுப்போனதைப் பற்றிக் கோபம் இருக்கிற பிள்ளைக்குச் சுற்றுச்சூழல் பொறியியலும் உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்துகிறவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம்மூர்த் தண்ணீர்தான் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

டாக்டரும் வேண்டாம், இன்ஜினியரும் வேண்டாம், சயின்ஸ்தான் படிக்கணும் என்கிறாள். பிழைக்க முடியுமா?

இப்படி ஒரு பிள்ளை வந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டாம். ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது, இப்போது திருப்பத்தூர் மாவட்டம். அங்கே வைனு பாப்பு பெயரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி, 1986-லிருந்து. ராமானுஜன் பெயர் வைத்த சிறுகோளை 1988-ல் கண்டுபிடித்தது அந்த ஆய்வகத்தில்தான். வேலூரில் பிறந்து வளர்ந்து அதைப் பார்க்காதவர்கள் எத்தனை பேர்.

இந்தப் பிள்ளைகள் ஐசர் என்கிற மத்திய அறிவியல் கல்வி நிறுவனங்களைப் பார்க்கலாம். ஒன்று பக்கத்தில் திருப்பதியிலேயே இருக்கிறது. நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலிருந்தும் 15, 15 கேள்வி. எந்தக் குரூப்காரரும் ஏதாவது ஒன்றில் தடுமாறத்தான் செய்வார்கள், பயோ மேத்ஸ் பிள்ளைக்கு மட்டும் நான்கும் பழக்கம். முதல் குரூப்பை நான் மனதார ஆதரிக்கும் இடம் இது. உள்ளூரிலேயே படிக்க வேண்டும் என்றால் ஊரிசு, முத்துரங்கம், ஆக்சிலியம், டி.கே.எம். என்று கல்லூரிகளுக்குக் குறைவில்லை.

மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, நியூட்ரிஷன் எல்லாம் நான்காவது பாடமாக இருக்கிறதாமே?

மாநிலப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. புள்ளியியல், மனையியலும் இருக்கின்றன. எந்தப் பள்ளியில் நடத்துகிறார்கள் என்பதுதான் கேள்வி. கிடைத்தால் எடுக்கலாம், ஆனால் நீட், நர்சிங் போன்றவற்றுக்கு அது உயிரியலுக்கு ஈடாகுமா என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் பாடம் தனி. அதை முடித்தால் நேராக நர்ஸ் என்று நினைத்துவிடக் கூடாது.

அரசுப் பள்ளியில் பத்தாவது வரை படித்தான். பிளஸ் 1-க்கு மட்டும் நல்ல தனியார் பள்ளி பார்க்கலாமா?

குரூப்பைவிட முக்கியமான கேள்வி, ஆனால் இதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதல், பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய். கடைசி இரண்டு வருடம் தனியாருக்கு மாறினால் ஒதுக்கீடு போய்விடும்.

ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, ஜூன் மாதம் கடன் வாங்கி ஹாஸ்டலோடு தனியார் பள்ளியில் கட்டுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து "டீச்சர், 7.5-ல வருமா?" என்று கேட்பார்கள். என்ன பதில் சொல்வது.

தமிழ் வழியா, ஆங்கில வழியா?

பத்து வருடம் தமிழில் படித்த பிள்ளையைப் பிளஸ் 1-ல் திடீரென்று ஆங்கில வழிக்கு மாற்றினால், முதல் மூன்று மாதம் இயற்பியல் படிக்காது, அகராதி படிக்கும். தமிழில் படியுங்கள், கலைச்சொற்களை மட்டும் இரண்டு மொழியிலும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். உந்தம், முடுக்கம், மோலாரிட்டி என்று பக்கத்தில் ஆங்கிலச் சொல். கல்லூரி முதல் செமஸ்டரில் அந்த நோட்டு சோறு போடும். பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமையும் இருக்கிறது.

பத்தாவதில் மார்க் குறைவு. முதல் குரூப் தர மாட்டோம் என்கிறார்கள்.

ஒவ்வொரு பள்ளியும் ஒரு வெட்டு மதிப்பெண் வைத்துக்கொள்கிறது. மொத்தத்தைப் பார்க்காமல் கணக்கு, அறிவியல் மதிப்பெண்ணைக் காட்டிக் கேளுங்கள். இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போய்க் கேளுங்கள், இடம் காலியாகும். பாலிடெக்னிக்கையும் மறக்க வேண்டாம். மூன்று வருட டிப்ளமோ முடித்து நேராக பி.இ. இரண்டாம் வருடம் சேரலாம்.

சேர்ந்த பிறகு குரூப் மாற்ற முடியுமா?

முதல் சில வாரத்துக்குள் கேட்டால் பெரும்பாலும் முடியும். காலாண்டு முடிந்த பிறகு வந்து கேட்காதீர்கள்.

சேர்க்கைக்கு என்னென்ன கொண்டு வரணும்?

மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு அழகாகக் கொண்டு வருகிறார்கள். விண்ணப்பத்தில் குரூப் எழுதும் இடம் வந்ததும், "பையன் எங்கே?" என்று கேட்பேன். "வீட்ல தூங்கறான் டீச்சர், நீங்களே ஒண்ணு போட்டுடுங்க" என்பார் அப்பா. அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மறுநாள் தலைகூடச் சரியாக வாராமல் பையன் தானாக வருவான்.